ஒரு நாத்திகர் கட்டிய பிராது

வட்டம் 21, நெய்வேலி
24-7-2013

தம்பி நெடுமாறனுக்கு,

உன் குறிப்பு வந்து சேர்ந்தது. படித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் கேட்டால் பர்சிங்சரில் சிக்னல் இல்லை என்று நழுவிவிடுகிறாய். எழுத்தில் இருந்தால் நழுவ முடியாது. மன்றத்தின் கோப்பிலும் வைக்கலாம்.

நம் பகுத்தறிவு மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு எல்லோரிடமும் படம் கேட்டிருந்தேன். இருபத்திரண்டு பேர் படத்துக்குக் கீழே 'நாத்திகர்' என்று போடச் சொல்லிவிட்டார்கள். நீ ஒருவன் மட்டும், ராஜஸ்தான் சுரங்கத்துக்கு மாற்றலாகிப் போய் எட்டு மாதம் மணல் காற்றைக் குடித்துவிட்டு, 'எனக்கு நாத்திகர் வேண்டாம், அக்னாஸ்டிக் என்று போடுங்கள். தமிழில் வேண்டுமானால் கடவுள் உண்டா இல்லையா என்று அறியேன் என்பவர் எனப் போடுங்கள்' என்று எழுதுகிறாய். அறியேன் என்று சொல்வதற்கு ஒரு மன்றமா? அதற்கு மாதக் கூட்டமா, மைக் செட்டா?

கடவுள் உண்டு என்கிறவன்கூட எனக்குப் பரவாயில்லை. அவனோடு சண்டை போடலாம். நடுவில் நிற்கிறவன் இரண்டு பந்தியிலும் இலை போட்டு வைத்திருக்கிறவன். செத்தபிறகு மேலே ஒருவேளை யாராவது உட்கார்ந்திருந்தால், 'உங்களை இல்லை என்று நான் சொன்னதே இல்லையே' என்று பல்லிளிக்கலாம் என்ற நப்பாசை. கோழைத்தனத்தைப் போல எனக்கு அருவருப்பானது வேறொன்றும் இல்லை. உன் குறிப்பை நம் மன்றத்துப் பன்னீர்செல்வத்திடம் காட்டினேன். "பொண்ணு பாக்கப் போன எடத்துல புடிச்சிருக்குதான்னு கேட்டப்பவும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பாரு" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சந்திராவின் சங்கிலியைப் போன வாரத்திலிருந்து காணோம். வெறுங்கழுத்தைப் பார்த்துவிட்டு நான்தான் கேட்டேன். காணோம் என்று அழுகிறாள். எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்து போகிறவர் உன் சின்னம்மா வீரம்மாள் ஒருவர்தான். நீ சேர்த்துவிட்டவர் என்பதால் போலீசுக்குப் போகவில்லை. கேட்டால் "நான் பாக்கலிங்க" என்கிறார். நீயே ஒரு வார்த்தை பேசு. எடுத்திருந்தால் கொடுத்துவிடட்டும், நான் ஒன்றும் செய்யமாட்டேன்.

ஜெயராமன்


பர்சிங்சர்
2-8-2013

தோழர் ஜெயராமன் அவர்களுக்கு,

முதலில் சங்கிலி. சின்னம்மா எடுக்கவில்லை. ஊரில் இருக்கிற என் மனைவி வெண்மதியைப் போய்க் கேட்டுவரச் சொன்னேன். "எடுத்திருந்தா என் கையி வெளங்காமப் போவட்டும்" என்றாராம். ஆறு வருடமாக உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிறவர். சந்திரா அக்காவை இன்னொரு தடவை நிதானமாகத் தேடச் சொல்லுங்கள்.

இனி என் கோழைத்தனம். எனக்கு நெடுமாறன் என்று பெயர் வைத்த அப்பா தங்கராசு, சாமி இல்லை என்று சாகும்வரை சொன்னவர். நான் சிறுவனாக இருந்தபோது தேர் எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். எங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கவிடாத ஒன்றை 'போடா, நீயே இல்லை' என்று சொல்ல அப்பாவுக்குத் தைரியம் இருந்தது. அந்தக் கோபத்தை நான் கும்பிடுகிறேன். ஆனால் கோபத்தில் சொன்ன பதில் சரியான பதிலாகவும் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. எனக்குத் தெரியவில்லை, தோழர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறேன். இதில் இலை போடுவதற்கு என்ன இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். மன்றத்தில் நீங்கள் மேசையைத் தட்டி 'இல்லை' என்னும்போது எதிரே இருக்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. யோசித்து ஒப்புக்கொண்டு பேசாமல் இருக்கிறார்களா, உங்களுக்குப் பயந்தா என்று எனக்குச் சந்தேகம். ஆயுத பூஜைக்கு உங்கள் செக்ஷனில் பூசணிக்காய் உடைக்கிற நேரம் பார்த்து நீங்கள் கான்டீனுக்குப் போய்விடுவீர்கள். பொரிப் பொட்டலம் மட்டும் தவறாமல் உங்கள் மேசைக்கு வந்துவிடும். அதை யாரும் கோழைத்தனம் என்று சொன்னதில்லை.

சின்னம்மா மேல் அவ்வளவு சந்தேகம் என்றால் ஒன்று செய்யுங்கள். மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய் அவர் பெயரில் சாமியிடம் ஒரு பிராது எழுதிக் கட்டுங்கள். உங்களுக்கு அது வெறும் பேப்பர்தானே!

நெடுமாறன்


வட்டம் 21, நெய்வேலி
14-8-2013

தம்பி,

உன் கடிதத்தில் உருப்படியாக இருந்தது கடைசி மூன்று வரிதான். செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினோராம் தேதி காலை விருத்தாசலம் பஸ் ஏறி மணவாளநல்லூர் போனேன். எப்பேர்ப்பட்ட கூட்டம்! ஆடு காணோம், மாடு காணோம், கட்டிய பெண்டாட்டியைக் காணோம் என்று ஆளுக்கொரு தாளோடு நிற்கிறார்கள். சாமிக்கு மனு எழுத வேண்டும், நம்மூர் தாலுகா ஆபீஸில் எழுதுவதைப் போலவே. அனுப்புநர், பெறுநர், எதிராளி பெயர், ஊர், புகார் விவரம். நானும் எழுதினேன். எதிராளி: வீரம்மாள், வடக்குத்து. சுருட்டி நூலால் கட்டி வேலில் தொங்கவிட்டார்கள். தொண்ணூறு நாளைக்குள் சாமி தீர்த்துவைத்துவிடுமாம். பொய்ப் பிராதாக இருந்தால் கட்டினவன் பக்கமே திரும்புமாம். பக்கத்தில் நின்ற ஒருவர் பயபக்தியோடு சொன்னார். நான் கை கூப்பவில்லை. செருப்பை மட்டும் கழற்றினேன், அது இடத்தின் ஒழுங்கு. கட்டுவதற்கு முன் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை உன் சின்னம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜெராக்ஸைக் காட்டினேன். படிக்கத் தெரியாது என்பதால் நானே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. "ஐயா, போலீசுல குடுங்கய்யா, சாமிகிட்ட மட்டும் வேணாங்கய்யா" என்று என் காலைப் பிடிக்க வந்தார். குற்றம் செய்யாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்? நீயே யோசித்துப் பார்.

இது எவ்வளவு அருமையான சோதனை என்று உனக்குப் புரிகிறதா? கடவுள் தேவையில்லை, கடவுள் பயமே போதும். வேலை நடந்துவிடும். ஒரு வாரத்தில் சங்கிலி வந்துவிடும் பார். அடுத்த கூட்டத்தில் 'அச்சம் என்னும் கருவி' என்று கட்டுரை வாசிக்கப் போகிறேன். யோசனை சொன்னவர் என்று உன் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சந்திராதான் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சங்கிலி போன கவலை.

ஜெயராமன்


பர்சிங்சர்
27-8-2013

தோழர் ஜெயராமன் அவர்களுக்கு,

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் கெட்ட வார்த்தை இருந்தது.

என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கத்தான் வேண்டும். மணவாளநல்லூர் என்று எழுதியது என் கைதான். உங்களைச் சீண்ட ஒரு வேடிக்கை கிடைத்ததும் எழுதிவிட்டேன். சின்னம்மாவுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்குப் பிராது என்றால் என்ன என்று தெரியாதா? தெரியும். அறியேன் அறியேன் என்று பேர்போட்டுக்கொள்ளப் பார்த்தவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்த ஒரே விஷயம் அதுதான். அதை வைத்து விளையாடியிருக்கிறேன். கண்ணாடியில் முகம் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனால் நான் வேடிக்கையாக எழுதினேன். நீங்கள் பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்தும் காட்டியிருக்கிறீர்கள்.

குற்றம் செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்கிறீர்கள். போலீஸ் அடிப்பான், அடி ஆறிவிடும். சாமி பிள்ளைகள் மேல் கை வைக்கும். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தான் எடுக்கவில்லை என்று தெரிந்தும் பயப்படுகிறார். எப்போதோ தெரியாமல் செய்த ஏதோ ஒன்றுக்கு இப்போது சாமி கணக்குத் தீர்க்குமோ என்று பயப்படுகிறார். ஐந்து நாள் தண்ணீரும் கஞ்சியும்தான் என்கிறாள் வெண்மதி. தெருக்குழாயில் இவர் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

இன்னும் இருக்கிறது. சின்னம்மாவின் மகள் தமிழ்நிலாவுக்கு ஆவணி இருபத்தேழு கல்யாணம் என்று உங்களுக்கே பத்திரிகை கொடுத்திருந்தார்கள். முத்தாண்டிக்குப்பத்து மாப்பிள்ளை. போன வாரம் மாப்பிள்ளையின் அம்மா மாணிக்கம்மாள் வீட்டுக்கு வந்து, உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாராம்: "உம் மேல கோயில்ல பிராது கெடக்குதாமே. அது தீராம உம் பொண்ண எப்பிடி எங்க வூட்டுக்கு இட்டுகினு போறது? நாளைக்கி எம் புள்ளைக்கி ஒண்ணுன்னா?" கல்யாணம் நின்றுவிட்டது. அந்தப் பெண் அழுதுகினே இருக்குது என்று வெண்மதி போனில் சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

சங்கிலி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த ஞாயிறு போய்ப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கட்டியவரே வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்தால் போதுமாம். உங்களுக்கு அரை நாள் வேலை.

நெடுமாறன்


வட்டம் 21, நெய்வேலி
12-9-2013

அன்புள்ள தோழர் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. பத்தாண்டு பழக்கத்தை முன்னிட்டுப் பொறுத்துக்கொள்கிறேன்.

சங்கிலி கிடைத்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எங்கே, எப்படி என்பது குடும்ப விஷயம். எதிர்வீட்டில் வேலை செய்யும் கலியம்மாளிடம் சொல்லி, வீரம்மாளைத் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. அது அவர் விருப்பம்.

ராஜினாமா பற்றி. தாங்கள் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருப்பதால் தங்களுக்குச் சில விஷயங்கள் விளங்கவில்லை. நான் ஒரு மன்றத்தின் செயலாளர். ஒரு கோயிலுக்குப் போய், 'என் குறை தீர்ந்தது, பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று நான் கையெழுத்திட்டால் அதற்கு என்ன அர்த்தம்? சாமி தீர்த்துவைத்தது என்று நானே சான்று கொடுத்ததாக ஆகாதா? நாளைக்கே அதைப் படம் பிடித்து எவனாவது பரப்பினால் மன்றத்தின் கதி என்ன? கட்டியது சோதனை. அவிழ்ப்பது சரணாகதி. இரண்டும் ஒன்றல்ல.

அந்தத் தாள் வெறும் தாள். வெயிலில் காய்ந்து மழையில் நனைந்து தானே உதிர்ந்துவிடும். அதற்குச் சக்தி இருக்கிறது என்று நம்புவது வீரம்மாளும் அந்த மாப்பிள்ளை வீட்டாரும்தான். அவர்களுடைய மூடநம்பிக்கைக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அவர்களைத் திருத்த வேண்டிய கடமை தங்களுக்கும் உண்டு, தங்கள் உறவினர்கள் என்ற முறையில்.

ஆனாலும் மனிதாபிமானத்தோடு ஒன்று செய்திருக்கிறேன். மன்றத்தின் லெட்டர்ஹெட்டில், வீரம்மாள் குற்றமற்றவர் என்று சான்றிதழ் தட்டச்சு செய்து, முத்திரை வைத்து, இத்துடன் இணைத்துள்ளேன். அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் காட்டலாம்.

மலருக்கான முடிவைத் தாங்கள் இன்னும் சொல்லவில்லை. நாத்திகரா, அக்னாஸ்டிக்கா? அச்சகத்தில் கேட்கிறார்கள்.

ஜெயராமன்


பர்சிங்சர்
24-9-2013

ஜெயராமன் அவர்களுக்கு,

சான்றிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பார்த்தவுடன் கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. சாமியிடம் கட்டிய தாளை மன்றத்தின் தாள் தள்ளுபடி செய்யும் என்று நம்புகிற மனிதர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். இதில் யாருக்கு மூடநம்பிக்கை?

சங்கிலி எங்கே இருந்தது என்பது குடும்ப விஷயம் இல்லை. சந்திரா அக்கா வெண்மதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பீரோவில் கீழ்த்தட்டில், பழைய புடவைகளுக்கு அடியில், இருக்கன்குடி மாரியம்மன் படம் ஒன்றைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒளித்து வைத்திருக்கிறார். உங்களுக்குத் தெரியாமல் இருபத்து மூன்று வருடம்! ஆடி மாதம் முழுக்கச் சங்கிலியை அம்மனுக்குச் சாத்துவதாக வேண்டுதல். உங்கள் முதுகுவலி சரியாக வேண்டும் என்ற வேண்டுதல்தான் அது. மூன்றாம் நாளே நீங்கள் கழுத்தைப் பார்த்துக் கேட்டதும், என்ன சொல்வது என்று தெரியாமல் காணோம் என்றிருக்கிறார். வீரம்மாள் பெயரை அவர் சொல்லவில்லை. நீங்களே சொன்னீர்கள். அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காக அக்காவையும் நான் மன்னிக்கவில்லை. ஒரு பெண்ணின் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது, ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தார். ஆனால் எதற்குப் பயந்து மூடிக்கொண்டிருந்தார்? சாமிக்கா? உங்களுக்கு.

பீரோவில் சங்கிலியோடு அந்தப் படத்தைக் கண்டதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சொன்னார். தரையில் ஓங்கி அடித்திருக்கிறீர்கள். கண்ணாடிச் சில்லைப் பொறுக்கும்போது அவர் விரலில் இரண்டு தையல். இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. சாப்பாட்டில் பல்லி கிடந்ததைப் பாதி சாப்பிட்ட பிறகு பார்த்தவனுக்கு வருமே, அது. பத்து வருடம் உங்கள் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருக்கிறேன்.

நாத்திகரா அக்னாஸ்டிக்கா என்று கேட்கிறீர்கள். கடவுள் இல்லை என்று சொன்ன என் அப்பா, எங்கள் அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றப் போகும்போது அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவைத்துவிட்டுத் திரும்புவார். நான் கும்பிடமாட்டேன், கனம், அவளால் தூக்க முடியாது, அவ்வளவுதான் என்பார். அவர் நாத்திகர். உங்களுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. வீரம்மாளின் பயத்தை எடுத்துக் கருவியாக்கிக்கொண்டவர், சந்திரா அக்காவின் பயத்தில் இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவர் வேறு ஏதோ. அதற்கு மலரில் போடுகிற மாதிரி ஒரு சொல் இல்லை.

என் படத்தை எடுத்துவிடுங்கள். எந்தப் பெயரோடும் அது அந்தப் புத்தகத்தில் வேண்டாம்.

கடைசியாகக் கேட்கிறேன். கெஞ்சியே கேட்கிறேன். நவம்பர் எட்டாம் தேதியோடு தொண்ணூறு நாள். அதுவரை காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொறுமை இல்லை. ஐப்பசி பிறந்ததும் வேறு இடம் பார்க்கப் போகிறார்களாம். மணவாளநல்லூர் போய் ஒரு கையெழுத்துப் போடுங்கள். கை கூப்ப வேண்டாம். செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம் என்றால் நானே யாரிடமாவது பேசிப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கை உங்கள் பேனாவில் இருக்கிறது.

நெடுமாறன்


வட்டம் 21, நெய்வேலி
11-11-2013

நெடுமாறனுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ வடக்குத்துக்கு விடுமுறையில் வந்திருப்பதாகப் பன்னீர்செல்வம் சொன்னார். தீபாவளி கழிந்தும் வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சரி.

நீ நினைப்பது போல நான் கல்நெஞ்சன் இல்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு கிளம்பி விருத்தாசலம் வரைக்கும் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே மன்றத்து ஆள் ஒருவர், மாமனார் வீட்டுக்கு வந்தாராம். "என்ன தோழர், இந்தப் பக்கம்?" என்றார். ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். என்ன பதில் சொல்வது? பத்து வருடம் மேடையில் பேசியவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். ஷிப்ட் மாறியது, மழை வேறு, கன்வேயரில் ஏகப்பட்ட வேலை.

போகட்டும். எட்டாம் தேதி வெள்ளிக்கிழமையோடு தொண்ணூறு நாள் முடிந்தது. என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை! வீரம்மாளுக்கு ஒரு தலைவலிகூட இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. அன்றைக்கு முதுகுவலி அதிகம் என்று லீவு போட்டு வீட்டில் படுத்திருந்தேன், அது வழக்கமாக வருவது. ஆக, தாள் வெறும் தாள் என்று நான் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது. நீ தெரியாது தெரியாது என்றாயே, இப்போதாவது தெரிகிறதா? இதை உன் சின்னம்மாவுக்கும் எடுத்துச் சொல். பயம் போகும்.

வீட்டு வேலைக்கு ஆள் இல்லாமல் சந்திரா சிரமப்படுகிறாள். அவர் திரும்பி வந்தால் நடந்ததை நான் மனதில் வைத்துக்கொள்ளமாட்டேன்.

ஜெயராமன்


வடக்குத்து
17-11-2013

ஜெயராமன் அவர்களுக்கு,

உங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், தபாலில்தான் போடுவேன். இரண்டு தடவை உங்கள் கேட் வரைக்கும் வந்துவிட்டேன். மொட்டைமாடிக் கொடியில் சந்திரா அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். நானும் திரும்பிவிட்டேன்.

ஐந்தாம் தேதி மணவாளநல்லூர் போனேன். உங்களுக்குப் பதிலாக நான் ராஜினாமா எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கட்டியவர்தான் வர வேண்டும் என்றார்கள். கோயிலில் நட்டிருக்கிற வேலைச் சுற்றிவந்து பார்த்தேன். தாளுக்கு மேல் தாள், ஆயிரக்கணக்கில். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும் என்பதால் தேடினேன். கிடைத்திருந்தால் பிய்த்து எறிந்திருப்பேனா? தெரியாது. என் வாழ்க்கையில் எத்தனையோ 'தெரியாது' சொல்லியிருக்கிறேன், பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் வெட்கப்படுகிறேன். அங்கே எனக்கும் பயமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முத்தாண்டிக்குப்பத்து மாப்பிள்ளைக்கு ஐப்பசி ஏழாம் தேதி கல்யாணம் ஆகிவிட்டது. பெண் மேல்பட்டாம்பாக்கம். தமிழ்நிலா இரண்டு வாரம் துணிக்கடை வேலைக்கே போகவில்லை. இப்போது போகிறாள். யாரோடும் பேசுவதில்லை. நீங்கள் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் குடித்த டீக்கு ஆன செலவு இது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் இருந்திருக்கலாம். சந்திரா அக்கா வெண்மதியிடம் வேறு மாதிரி சொன்னாராம். காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தீர்களாம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க விடவில்லையாம். மாடிப்படி இறங்கவில்லையாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இரண்டு தடவை மணி என்ன என்று கேட்டீர்களாம். பொய்ப் பிராது கட்டினவன் பக்கமே திரும்பும் என்று யாரோ சொன்னதைச் சிரித்துக்கொண்டே எனக்கு எழுதியிருந்தீர்கள், நினைவிருக்கிறதா? அன்று அந்தக் கட்டிலில் என்ன பெயரில் படுத்திருந்தீர்கள்? நாத்திகர் என்றா, அறியேன் என்றா? பயந்ததற்காக நான் உங்களைக் கேலி செய்யவில்லை. பயம் எல்லோருக்கும் வரும். உங்களுக்கு ஒரே ஒரு பகல் வந்த பயத்தைச் சின்னம்மாவுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்தீர்கள். அதுவும் தெரிந்தபிறகு, அவர் எடுக்கவில்லை என்று உங்கள் கையில் சங்கிலி வந்தபிறகும், அறுபது நாள் கொடுத்தீர்கள். அதை நினைத்தால் உங்கள் பெயரை எழுதவே பேனா கூசுகிறது.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தெருவில் நிலைமை மாறிவிட்டது. சனிக்கிழமை காலை குழாயடியில் சின்னம்மாவின் குடத்தை யாரோ தாமாகவே பிடித்துவைத்தார்களாம். கெடு முடிந்தது, சாமி இவர் மேல் கை வைக்கவில்லை, அப்படியென்றால் இவர் எடுக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நீங்களும் நானும் நாலு மாதம் எழுதிக் கிழித்த தாளில் முடியாததை ஊர் அதன் வழியில் முடித்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நம்முடைய வழி எதுவும் அவருக்கு உதவவில்லை என்பதை எங்கே போய்ச் சொல்வது?

நேற்று உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். பாதியாக இளைத்துவிட்டார். நீங்கள் எழுதியிருந்தபடியே சொன்னேன். அது வெறும் பேப்பர்தானாம், அதில் ஒன்றுமே இல்லையாம், சின்னம்மா, நீங்கள் பயந்தது வீணாம், மறுபடி வேலைக்கு வரச் சொல்கிறார், நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளமாட்டாராம் என்றேன். என் குரலில் இருந்த வெறுப்பு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை, உங்களைத் திட்டவும் இல்லை. கையில் இருந்த கடலைத் தோலை முறத்துக்கு வெளியே போட்டுவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாமி இருக்குதோ இல்லியோ, எனக்கென்னாப்பா தெரியும். இருந்தா அது தொண்ணூறு நாளு பாத்துட்டு என்னிய வுட்டுடுச்சி. அந்த ஐயா ஒரு நாளுகூடப் பாக்கலியே."

நெடுமாறன்